சுண்டுவிரலின் வழக்கு

புரோகிராமர் என்றால் நாள் முழுக்க புதிதாக எழுதிக் குவிப்பவர் என்று வெளியில் ஓர் எண்ணம் உண்டு. உண்மையில், எழுதி வைத்ததைத் தேடுவதும் திருத்துவதும் இடம் மாற்றுவதும்தான் அவருடைய பெரும்பாலான பொழுது. இதற்கெல்லாம் அவருக்கு உள்ள ஒரே பட்டறை, எடிட்டர் என்ற சாப்ட்வேர். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கட்டளை. கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போய், மெனுவைத் திறந்து, வேண்டியதைக் கண்டுபிடித்துத் திரும்புவதற்குச் சில வினாடிகள் போதும். ஆனால் அதற்குள் யோசனையின் இழை அறுந்துவிடுகிறது. இந்த எரிச்சல்தான் பலரை எடிட்டரைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தூண்டுகிறது.

மாற்றத் தொடங்கிய பிறகுதான் ஓர் உண்மை விளங்கும். எந்தக் கட்டளை எந்த விசையில் என்பது பல சமயம் தற்செயலாக அமைந்த விஷயம். 1976ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய் எழுதத் தொடங்கிய எடிட்டர் 'விஐ'. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. இன்றுவரை விஐயில் நகர்வதற்கு அந்த நான்கு எழுத்துகள்தான். அந்த டெர்மினலில் எஸ்கேப் விசை, இப்போது டாப் இருக்கும் இடத்தில் இருந்தது. கன்ட்ரோல், ஏ எழுத்துக்குப் பக்கத்தில். 1980களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த 101 விசை கீபோர்டில் எஸ்கேப் மேல் மூலையிலும் கன்ட்ரோல் கீழ் மூலையிலும் உட்கார்ந்தன. கன்ட்ரோலின் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது, யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாத கேப்ஸ் லாக்.

கீபோர்டு மாறியது, கட்டளைகள் மாறவில்லை. பாரம் முழுவதும் சுண்டுவிரலின் மீது விழுந்தது. கன்ட்ரோல் இல்லாமல் அடியெடுத்து வைக்க முடியாத 'ஈமேக்ஸ்' எடிட்டரின் பெயரிலேயே ஒரு விரல்வலி அழைக்கப்படுகிறது. குனூ ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1990களின் நடுவில் கடுமையான கைவலியால் அவதிப்பட்டவர். கையை வைத்துப் பிழைப்பவருக்கு வலி என்பது சம்பளப் பிரச்சினையும்கூட.

எனவே பலர் செய்யும் முதல் திருத்தம், கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றுவது. அடுத்தது எடிட்டரின் உள்ளே. ஈமேக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர் உண்டு. விசை என்பது அந்தப் பெயருக்குப் போகும் குறுக்குவழி மட்டுமே. மெட்டா-எக்ஸ் அழுத்திப் பெயரைத் தட்டினால் கட்டளை வந்து நிற்கும். அடிக்கடி தேவைப்படுவதற்கு மட்டும் ஒரு விசையை ஒதுக்கிக்கொள்ளலாம். 1991ல் பிராம் மூலனார் வெளியிட்ட 'விம்' எடிட்டரில், 'லீடர்' என்று ஒரு விசையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் சொந்தக் கட்டளைகளை அடுக்கலாம். பலருக்கு அது ஸ்பேஸ் பார். கட்டைவிரல் சும்மாதானே இருக்கிறது! 2015ல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் கட்டளைப் பட்டியல், மெட்டா-எக்ஸின் பேரன்.

தமிழில் தட்டுபவருக்கு இன்னொரு சிக்கல். தமிழ் விசைமுறையை கம்ப்யூட்டர் முழுமைக்கும் போட்டுவிட்டு விஐயில் ஜே அழுத்தினால், கீழே இறங்குவதற்குப் பதிலாக எடிட்டர் திகைத்து நிற்கும். அதற்குப் போய்ச் சேர்ந்தது தமிழ் எழுத்து; கட்டளை அல்ல. விசைமுறையை எடிட்டருக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் வழி. ஈமேக்ஸில் கன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழ் வரும், போகும். கட்டளைகள் அதனதன் இடத்தில் இருக்கும்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. 1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ஆளாளுக்கு ஒரு கட்டளைத் தொகுப்பை எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தால் கை தடுமாறியது. கை ஸ்டீல் என்பவர் அவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அந்த முயற்சியிலிருந்து 1976ல் பிறந்ததுதான் ஈமேக்ஸ். எல்லாரும் தன்னிஷ்டப்படி மாற்றிக்கொண்டதன் குழப்பத்தைத் தீர்க்க வந்த கருவிதான், தன்னிஷ்டப்படி மாற்றுவதற்குப் பேர்போன கருவியும் ஆனது.

இன்றும் அதே கதைதான். நூற்றுக்கணக்கில் விசைகளை மாற்றி வைத்தவர் நள்ளிரவில் பழுதான சர்வர் ஒன்றில் நுழைந்தால், அங்கே காத்திருப்பது ஒப்பனையில்லாத விஐ. பக்கத்து இருக்கைக்காரர் உதவ வந்தால், இது யாருடைய கீபோர்டு என்று விழிப்பார். மாற்றி அமைப்பதே ஒரு பொழுதுபோக்காகி, மிச்சம் பிடித்த வினாடிகளை மணிக்கணக்கில் விழுங்குவதும் உண்டு.

அதற்காக வலியைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. கை ஒரு நாளில் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தாலே போதும். பட்டியல் பத்தைத் தாண்டுவது அபூர்வம். அந்தப் பத்தையும் விரலுக்கு அருகில் கொண்டுவந்துவிட்டு, மற்றதைப் பொதுவழக்குக்கே விட்டுவிடலாம். சுண்டுவிரல் கேட்பதும் அவ்வளவுதான்.