கேடிஎம் கேட்பவர்களுக்கு

கோவை செல்வபுரத்தில் வீடுகளுக்கு நடுவிலேயே நகைப் பட்டறைகள் இருக்கின்றன. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே தாழ்ந்த மேசைகள், மேசைக்கு ஒரு விளக்கு, சம்மணமிட்டு உட்கார்ந்து குனிந்திருக்கும் ஆட்கள். நான் போயிருந்த பட்டறையின் மூத்த பத்தர் அறுபதைத் தாண்டியவர். நாங்கள் பேசத் தொடங்கும்போதே அவருக்குக் கைபேசி அழைப்பு வந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் யாரோ கேட்கிறார்: “கேடிஎம் தானுங்களே?”

“நைன் ஒன் சிக்ஸுங்க. ஹால்மார்க் போட்டுத்தான் தருவோம்” என்றார் பத்தர். எதிர்முனையில் இருந்தவர் சமாதானமாகவில்லை. கேடிஎம் இல்லையென்றால் ஏதோ தரம் குறைந்ததாக அவருக்குப் பட்டிருக்கிறது. போனை வைத்துவிட்டுப் பத்தர் என்னிடம் சொன்னார்: “இன்னமும் அதத்தான் கேக்கறாங்க அம்மணி. அத வெச்சு ஊதுனவனுக்கல்ல அது என்னன்னு தெரியும்.”

கேடிஎம் என்னவென்று தெரிய வேண்டுமானால் முதலில் 916 தெரிய வேண்டும் என்று சொல்லி, உருக்குகிற இடத்துக்கு அழைத்துப் போனார். மூசையில் 999 கட்டித் தங்கம் உருகிக்கொண்டிருந்தது. ஆயிரம் பங்கில் 999 பங்கு தங்கம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அது தங்கம் என்ற வகையில் உயர்ந்தது, நகைக்கு உதவாது, அவ்வளவு மென்மை. அதில் செம்பும் வெள்ளியும் சேர்த்து 24 பங்கில் 22 பங்கு தங்கமாக நிறுத்தினால் 22 கேரட். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916. செம்பு கூடினால் நகை சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். எட்டு கிராம் பவுனில் சுத்தத் தங்கம் 7.328 கிராம்தான், மீதி 0.672 கிராம் செம்பும் வெள்ளியும். பவுன் என்றும் சவரன் என்றும் நாம் சொல்லும் கணக்கே, 22 கேரட்டில் எட்டு கிராமுக்குச் சற்றே குறைவாக அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் பொற்காசிலிருந்து வந்தது. பட்டறைக்குள் கேரட் என்று யாரும் பேசிக் கேட்கவில்லை. ‘டச்’ என்கிறார்கள். 91.6 டச், 92 டச்.

இப்போது கடைகளில் 18 கேரட், 14 கேரட் நகைகளும் வருகின்றனவே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. “பதினாலுன்னு எங்க வீட்டுல சொல்ல மாட்டோமுங்க.” 1963 ஜனவரியில், சீனப் போரை ஒட்டி, மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அப்போது மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்பது விதி. அந்தத் தரத்தில் ஆயிரத்துக்கு 585 பங்குதான் தங்கம். கலவை கூடியதால் உலோகம் விறைத்துக்கொள்ளும். கைவேலைக்கு அடிக்கடி காய்ச்சி இளக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் வாங்க ஆளில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பத்தரின் அப்பா அந்த நாட்களில் பட்டடையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மில் வேலைக்குப் போனவர். சில ஆண்டுகளில் 14 கேரட் விதி தளர்ந்தாலும், 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. இன்று கடை விளம்பரத்தில் சாதாரணமாகத் தெரியும் ஓர் எண், ஒரு தலைமுறையின் அடுப்பை அணைத்த எண். பட்டறையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

இனி கேடிஎம். ஒரு சங்கிலியில் எத்தனை வளையம் இருக்கிறதோ அத்தனை பற்று இருக்கிறது. பற்றவைக்கும் உலோகம் நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். இல்லாவிட்டால் நகையே உருகிவிடும். அந்தக் காலத்தில் தங்கத்தோடு செம்பு, வெள்ளி, சில இடங்களில் பித்தளை கூடச் சேர்த்து அரத்தால் ராவிப் பொடியாக்கி வைத்திருப்பார்கள். வெங்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பொடியில் தங்கம் குறைவு. உடம்பு 22 கேரட்டாக இருந்தாலும், நகையை அழித்து உருக்கும்போது டச் இறங்கிவிடும். பாட்டி நகையை மாற்றப் போனால் கடைக்காரர் கழிப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

இதற்கு மாற்றாகத்தான் காட்மியம் வந்தது. கேடிஎம் அதைக் குறிக்கும் சுருக்கப் பெயர். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகும் பற்று கிடைக்கும்; டச்சும் இறங்காது. வாங்குகிறவருக்கு எந்தக் குறையும் இல்லை. அதனால் ‘கேடிஎம் நகை’ என்பது தரத்தின் பெயராகிக் கடைப் பலகைகளில் ஏறியது. ஆனால் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதும் தீயில் அது பற்றைவிட்டுக் கிளம்பும். நகைக்கும் மூக்குக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. காற்று அடித்தால் தீ அலையும் என்பதால் சன்னலையும் சாத்தித்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

“ராத்திரி நெஞ்சு அடைக்கும், காய்ச்சல் மாதிரி வரும். காலையில எந்திரிச்சு மறுபடியும் ஊதுவோம்” என்றார். காட்மியம் உடலில் சிறுநீரகத்தில் தங்கும். ஒருமுறை தங்கினால் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1993இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. பத்தரோடு வேலை பழகிய ஒருவர் சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார். காரணம் இதுதான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. பத்தரும் அடித்துச் சொல்லவில்லை; அவரைப் பற்றிப் பேசும்போது ஊதுகுழலை எடுத்துத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். இப்போது இந்தப் பட்டறையில் துத்தநாகம் போன்றவை கலந்த பற்றுதான். மூலையில் லேசர் கருவி ஒன்றும் இருக்கிறது. அதில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். தமிழில் அவருக்குச் சரளமாக வருபவை கம்பி, பற்று, மில்லி, சேதாரம்.

சேதாரம் என்பதை நாம் ரசீதில் சதவீதமாகப் பார்க்கிறோம். இங்கே அது மில்லிகிராமில் நடக்கிறது. கம்பி இழுக்கும்போதும், அரம் போடும்போதும், மெருகு ஏற்றும்போதும் தங்கம் உதிர்கிறது. மேசையில் விழுந்ததைப் பிரஷ்ஷால் கூட்டி எடுக்கிறார்கள். கை கழுவிய தண்ணீரும் தனித் தொட்டிக்குப் போகிறது. அதையும் மீறி வீதிக்குப் போன மண்ணை வாரிக் கழுவிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப்படி அனுமதித்த சேதாரத்துக்குள் மிச்சம் பிடிப்பதுதான் தன் வருமானத்தில் ஒரு பகுதி என்றார் பத்தர். ரசீதில் இருக்கும் சேதாரமும் பட்டறைக்கு வரும் சேதாரமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று கடையில் கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும்.

மற்ற பெயர்களை அவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். சிதம்பரத்துக்குப் பேர் வாங்கித் தந்த கவரிங், செம்பு அல்லது பித்தளை மேல் ஏற்றிய தங்கப் பூச்சு. ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. வெள்ளி துளியும் கிடையாது. வெள்ளைத் தங்கம் தங்கக் கலவைதான், பிளாட்டினம் வேறு உலோகம். அமெரிக்கன் டைமண்ட் வைரமே அல்ல. கல்லுக்குச் சொல்லும் கேரட் எடைக் கணக்கு, 200 மில்லிகிராம். தங்கத்துக்குச் சொல்லும் கேரட் சுத்தக் கணக்கு. இரண்டும் ஒரே ரசீதில் வரும்போது கல்லின் எடையைத் தங்கத்தின் எடையிலிருந்து கழித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் ஹால்மார்க் மையத்துக்கு ஒரு பெட்டி வளையல்கள் கிளம்பின. நானும் கூடப் போனேன். 2021 ஜூன் முதல் கட்டாயமாகிப் படிப்படியாகப் பல மாவட்டங்களுக்குப் பரவிய முறை. 2023 ஏப்ரலிலிருந்து பிஐஎஸ் முத்திரை, தரம், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யுஐடி ஆகிய மூன்றும் நகைமேல் இருக்க வேண்டும். முதலில் எக்ஸ்ரே கருவியில் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். பிறகு மாதிரி எடுத்து, வெள்ளியோடு ஈயத் தகட்டில் சுருட்டி, நுண்துளைக் கிண்ணத்தில் வைத்து உலையில் தள்ளுகிறார்கள். ஈயம் செம்பை இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சும் மணியைத் தட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோய்த் தங்கம் மட்டும் நிற்கும். அதை நிறுத்துதான் 916ஆ இல்லையா என்று சொல்கிறார்கள்.

பெட்டியைக் கொண்டுவந்த பட்டறைப் பையனிடம், தேறாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“மறுபடியும் உருக்கணுமுங்க அக்கா. தங்கம் கடைக்காரருது, அது எங்கயும் போகாது. இத்தன நாள் செஞ்ச கூலி மட்டும் இல்லீங்க.”