அத்தைக்கு வந்த பழைய வண்டி

எங்கள் மாமியாருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ஒரு காலத்தில் அவர் வீட்டில் இருந்த நேரத்தைவிட வெளியில் இருந்த நேரம்தான் அதிகம். விடிந்ததும் நடராஜர் சன்னதி, வரும் வழியில் காய்கறி, சாயங்காலம் மேல வீதியில் தெரிந்தவர்கள் வீடு என்று சிதம்பரத்தின் நாலு வீதியையும் காலால் அளந்தவர். 2020-ல் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இதயத்தில் கோளாறு இருப்பதால் மூட்டு மாற்று ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம், கட்டில், நாற்காலி, வாசல் திண்ணை. இவ்வளவுதான் அவர் உலகம்.

உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் கோபம் அதிகம் வரும். சாம்பாரில் உப்பு இல்லை, வெண்டைக்காய் முற்றல், நீ ஏமாந்து வாங்கி வந்திருக்கிறாய் என்று தினமும் ஒரு குறை. எனக்கும் பொறுமை போய்விடும். அவர் குறை சொன்னது காயைப் பற்றி அல்ல, தானே போய்ப் பொறுக்கி வாங்க முடியவில்லையே என்ற ஏக்கம்தான் என்று எனக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று.

2023-ல் என் கணவர் ஒரு நாள், "வயசானவங்க உட்கார்ந்து ஓட்டற நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் இருக்காம். புதுசு வாங்க நமக்குக் கட்டாது. பழசு கிடைச்சா பார்க்கலாமா?" என்றார். அத்தை காதில் விழுந்ததும், "நான் என்ன நொண்டியா? ஊரே சிரிக்கும். வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் பூக்கட்டும்போது, "அது எவ்வளவு வேகம் போகுமாம்?" என்று மெதுவாகக் கேட்டார்!

கடலூரில் ஒரு வீட்டில் அப்படி ஒரு வண்டி விலைக்கு இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அப்பாவுக்காக வாங்கிக் கொடுத்தது. அவர் காலமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் வண்டியின் மேல் போட்டிருந்த பழைய புடவையை எடுத்தபோது கண் கலங்கினார். "கடைசி வரைக்கும் பால் வாங்க இதிலதான் போனார்" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்கவோ, விலை பேசவோ மனசு வரவில்லை. முப்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து, குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். இரக்கம் வேறு, வண்டி வாங்குவது வேறு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ராத்திரி சார்ஜில் போட்டோம். ஒரு மணி நேரத்திலேயே பச்சை விளக்கு எரிந்தது. 'அடடா, எவ்வளவு சீக்கிரம்!' என்று சந்தோஷப்பட்டேன். காலையில் வாசலில் ஓட்டிப் பார்த்தால், பத்தாவது நிமிஷம் வண்டி நின்றுவிட்டது. இன்வர்ட்டர் பேட்டரி விற்கும் கடைக்காரரை அழைத்து வந்தோம். அவர் விளக்கமாகச் சொன்னார். இதில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். ஈய பேட்டரியை சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு அது சீக்கிரம் நிறைந்த மாதிரி காட்டும், சீக்கிரம் காலியும் ஆகிவிடும். இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. மேலும் ஒன்பதாயிரம் ரூபாய் செலவு.

அந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களில் யாராவது வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி வாங்க நினைத்தால் உதவும்.

முதலில், வண்டியில் உட்காரப் போகிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள். விரல் வலி உள்ளவர்களால் கட்டைவிரலால் அழுத்தும் விசையைப் பிடித்திருக்க முடிகிறதா, கால் தட்டில் பாதம் நன்றாகப் பதிகிறதா, சீட்டிலிருந்து தானாக எழுந்திருக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று வண்டியில் ஒட்டியிருக்கும். ஆள் எடையோடு கூடையில் வைக்கும் சாமான் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் அத்தை 68 கிலோ, வண்டி தாங்குவது 120. அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் இருந்தால் நல்லது. முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போய், அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பேட்டரி போய்விட்டது என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பது தப்பே இல்லை. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டும் புதிது. காரில் போடும் பேட்டரி இதற்கு உதவாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. கடைக்காரரே விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, பிரேக். இந்த வண்டியில் விசையிலிருந்து கையை எடுத்தாலே பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தால் அசையக்கூடாது. அசைந்தால் வாங்காதீர்கள். டயரில் வெடிப்பு, கைப்பிடித் தண்டில் ஆட்டம், திரும்பும் சீட்டின் பூட்டு, வண்டியோடு வந்த சார்ஜர், சாவி, எல்லாம் பார்க்க வேண்டும்.

நான்காவது, வாங்கப் போகும் முன்பே உங்கள் வீட்டு வாசலை அளந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாததால்தான் எங்களுக்கு அந்தப் பெரிய தவறு நேர்ந்தது.

எங்கள் வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். கொத்தனாரைக் கூப்பிட்டு, "வண்டி ஏற ஒரு சரிவு போட்டுக் குடுங்க" என்றேன். அவர் நான்கு அடி நீளத்தில் ஒரு சரிவு போட்டுவிட்டுப் போனார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அத்தை தெருக்கோடி வரை போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். சரிவில் பாதி ஏறியதும் வண்டி திணறி நின்றுவிட்டது. பிரேக் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு நான்கு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பின்னால் ஒரு நெம்பு இருக்கிறது. அதைத் திருப்பினால் வண்டியைக் கையால் தள்ளலாம் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. திருப்பினேன்.

அந்த நெம்பைத் திருப்பினால் பிரேக்கும் சேர்ந்து விட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியாது. வண்டியும் அத்தையுமாக அவ்வளவு கனமும் என் மேல் சாய்ந்தது. நான் ஒரு பக்கம் விழுந்தேன். வண்டி பின்னாலேயே உருண்டு தெருவைத் தாண்டிச் சாக்கடை ஓரம் வரை போய், கொத்தனார் மிச்சம் வைத்திருந்த மணல் குவியலில் முட்டி நின்றது. "அம்மாடி!" என்று அத்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அந்த மணல் இல்லாமல் இருந்தால்? அந்த நேரம் தெருவில் ஒரு லாரி வந்திருந்தால்? அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எடுத்து ஓரமா நிறுத்தும்மா. போதும்" என்றார், அவ்வளவுதான். மறுபடியும் கட்டில், நாற்காலி, திண்ணை. வண்டியின் மேல் இப்போது எங்கள் வீட்டுப் பழைய புடவை!

இருபது நாள் கழித்து, ஒரு பிசியோதெரபி அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளச் சரிவு வேண்டும். அப்படியானால் என் பதினான்கு அங்குலப் படிக்குப் பதினான்கு அடி! வாசலில் அதற்கு இடமே இல்லை. ஆனால் பக்கத்துச் சந்துக் கதவில் ஐந்து அங்குல வாசற்படிதான். அங்கே ஐந்து அடிச் சரிவு, இரண்டு பக்கமும் சிறு விளிம்பு, வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான சிமெண்ட். முன்வாசல் சரிவை இடித்துவிட்டோம். அந்த நெம்பின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, 'ஆள் உட்கார்ந்திருக்கும்போது தொடாதே' என்று எழுதி வைத்தேன். எனக்கு நானே எழுதிக்கொண்டதுதான்!

பிறகு வீட்டில் சில சட்டங்கள் போட்டோம். உட்கார்ந்த பிறகுதான் சாவி போட வேண்டும். சாவியை எடுத்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. கைப்பிடியில் பை மாட்டக்கூடாது, பை விசையில் பட்டால் வண்டி தானாகக் கிளம்பிவிடும். முன்கூடை எதற்கு இருக்கிறது? சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், பாதியில் திருப்பக்கூடாது. திருப்பங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலைசுற்றல் இருக்கிற அன்றும், தூக்க மாத்திரை மயக்கம் தெளியாத காலையிலும் வண்டி கிடையாது. தேங்கிய மழைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. மோட்டாருக்கும் கெடுதல், பள்ளமும் தெரியாது. பின்பக்கம் பளபளக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். அத்தைக்கு ஒரு கண்ணில் புரை இருந்தது. கண் டாக்டரிடம் காட்டி, அதைச் சரி செய்த பிறகுதான் தெருவில் இறக்கினோம்.

சார்ஜ் போடுவதற்கும் முறை இருக்கிறது. ஓட்டிய அன்றே சார்ஜ் போட வேண்டும். காற்றோட்டமான இடம் வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஓட்டாத நாட்களிலும் அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது லித்தியம் பேட்டரியானால் அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

இன்னொன்று. வண்டி வந்துவிட்டதே என்று காலுக்கு ஓய்வு கொடுத்துவிடக் கூடாது என்று பிசியோதெரபி அம்மாள் கண்டிப்பாகச் சொன்னார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். பத்து தடவை, பிறகு மறு கால். அத்தை இதை டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிறார். வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடைதான், வண்டி வெளியே போக மட்டும்.

வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்களில் தகுதியானவர்களுக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியும், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது.

அந்த வருடம் மார்கழியில் தேருக்கு முந்தின நாள். திருவாதிரைக் களிக்கும் கூட்டுக்கும் சாமான் வாங்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தை சந்துக் கதவுப் பக்கம் நின்றிருந்தார். "பையை என்கிட்ட குடு" என்றார்.

"நானும் கூட வரேன் அத்தை."

"நீ வந்தா நான் எதுக்கு?"

எனக்கு மறுக்க வாய் வரவில்லை. முந்தானையைச் செருகினார். உட்கார்ந்தார். பிறகு சாவி. எல்லாம் முறைப்படி. வண்டி சரிவில் நேராக இறங்கி, தெருமுனையில் வேகம் குறைந்து, திரும்பி மறைந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பக்கத்து வீட்டு அக்கா, "யாருக்குக் காத்திருக்கே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் பிள்ளையை அனுப்பிவிட்டு நின்றேனே, அதே மாதிரிதான் இருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து வண்டி வந்தது. முன்கூடை நிறையப் பூசணி, அவரை, சர்க்கரைவள்ளி, மொச்சை. சாவியை எடுத்தார், பிறகு இறங்கினார். ஒரு அவரைக்காயை எடுத்து என் கண் முன்னால் ஒடித்துக் காட்டினார். பட்டென்று ஒடிந்தது.

"இதான் பிஞ்சு அவரை. பார்த்துக்கோ."

அன்றைக்குக் கூட்டில் உப்பு சரியாக இருந்ததாம்.