தண்ணீர் குடிக்கும் கல்

மலேசியாவில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். கடல் தெரியாத இந்த ஊரில், தம்பதியரான ஓர் அண்ணனும் அக்காவும் தங்கள் வீட்டுக் கொட்டகையில் பவளம் வளர்க்கும் தொட்டிகளுக்குக் கல் தயாரிக்கிறார்கள்.

தொட்டி வைப்பவர்களில் பலர் கல்லை அழகு பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உண்மையில் தொட்டியைச் சுத்தம் செய்வதே கல்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியேற்றிவிடும்.

அண்ணன் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு கற்களை என் கையில் கொடுத்தார். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கையை இழுத்தது. நிலத்தில் தோண்டியெடுத்த தொல்பவளப் பாறைத் துண்டோ பாதி கனம்கூட இல்லை. இரண்டின் மேலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். முதல் கல்லில் வழிந்து ஓடியது. இரண்டாவதில் விழுந்த இடத்திலேயே மறைந்தது.

“குடிச்சிருச்சு பாத்தீங்களா? இதுதான் நமக்கு வேணும்.”

வினிகர் விட்டு நுரைத்தால் நல்ல கல் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதற்கு மேல் அந்த நுரை எதுவும் சொல்லாது. கல்லில் செம்பு கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்காது. மீன் நோய்க்கு மருந்தாகப் போடும் அளவு செம்பே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். பச்சையாகவோ துருநிறமாகவோ கோடு ஓடும் கல்லை அக்கா பார்த்தவுடனே தள்ளிவைத்துவிடுகிறார்.

அவர் கைவேலையோ செயற்கைக் கல்: சிமெண்ட், சிப்பித்தூள், கல்லுப்பு. குறைவாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரமணலில் குழி பறித்து அதில் அமுக்குகிறார். இறுகியதும் நன்னீர்த் தொட்டிக்குள் போகிறது. உப்பு கரைந்த இடமெல்லாம் துளையாகிறது. சிமெண்டின் காரம் இறங்கும்வரை வாரக்கணக்கில் தண்ணீர் மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் தொட்டியின் பி.எச். எகிறிவிடும்.

பக்கத்திலேயே மெர்சிங் கடல் இருக்க, இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்களாம். ராவா, திங்கி, சிபு தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காவில் பவளத்தை எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டினார்கள். அங்கே இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2001இல்தான் இந்தியா கல்பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. இன்று தூத்துக்குடிக் கடலில் சிமெண்ட் சட்டகங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். கடலே சிமெண்டை ஏற்றுக்கொள்ளும்போது வீட்டுத் தொட்டிக்கு என்ன குறை?

நான் இருந்தபோது கல் வாங்க வந்த இளைஞர், இந்த வாரமே பவளம் வைக்கலாமா என்று கேட்டார்.

“அமோனியாவும் நைட்ரைட்டும் சுழின்னு காட்டட்டும் தம்பி. முதல்ல பழுப்புப் பாசி வரும், பயப்படாதீங்க. அப்புறம் காளான் பவளத்துல ஆரம்பிங்க, அதையும் கீழ வைங்க. அக்ரோபோரா பவளத்துக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கு” என்றபடியே கல்லைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார் அக்கா.