புள்ளியியலில் தொடங்கு, தம்பி



நீ அனுப்பிய ஆறு செமஸ்டர் பாடப் பட்டியலையும், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்விகளையும் நிதானமாகப் படித்தேன். அலைடு எனும் துணைப்பாடமாகப் புள்ளியியல் எடுத்தால் அரியர் விழும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். கிரிமினல் சைக்காலஜி எலெக்டிவில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுமாம். கூடவே ஒரு கவுன்சலிங் சர்டிபிகேட் கோர்ஸ் படித்தால் நல்லதா என்கிறாய். 'முடிச்சதும் க்ளினிக் போடலாமா' என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. பி.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு நீ யாருக்கும் சிகிச்சை தர முடியாது. மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. மருத்துவ உளவியலாளர்களான நாங்கள் வந்த வழி, முதுகலைக்குப் பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். அதில் மேற்பார்வையாளரின் கண் முன்னால் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவதுதான் பெரும்பகுதி. இப்போது எம்.ஃபில். என்ற பட்டமே நாட்டில் முடிவுக்கு வருகிறது. மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 வரை சேர்க்கையை நீட்டித்திருந்தார்கள். அதன் இடத்தில் புதுப் பட்டங்கள் வருகின்றன. நீ முதுகலைக்கு விண்ணப்பிக்கும் வருடத்தில் கவுன்சில் பட்டியலில் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி இருக்கிறது என்பதை நீயே பார்த்துக்கொள்ள வேண்டும். தபால்வழியில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்று உன் நண்பன் சொன்னானே, அந்தக் கதவு மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

ஆகவே இந்த மூன்று வருடத்தைச் சிகிச்சைக்கான குட்டிப் பயிற்சியாக நினைத்துத் திட்டம் போடாதே. கவுன்சலிங்கும் மனநோயியலும் முதுகலையில் மறுபடி வரும், இதைவிட ஆழமாக வரும். புள்ளியியலும் மூளை, நரம்பு பற்றிய பாடமும் பரிசோதனை முறைகளும் அப்படி அடியிலிருந்து வராது. அவை உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே வகுப்பே தொடங்கும். எனவே பிறகு கற்க முடியாததை இப்போது கற்றுக்கொள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

புள்ளியியல் மேல் உனக்குக் கோபம் இருக்கிறது என்று தெரியும். மனிதர்களைப் புரிந்துகொள்ள வந்த இடத்தில் எதற்குக் கணக்கு என்று கேட்டிருந்தாய். ஒரு கணக்கையே சொல்கிறேன், பேனா எடுத்துப் போட்டுப் பார். ஒரு பள்ளியில் 1000 பிள்ளைகள். அவர்களில் 50 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள். உன் கையில் ஒரு வினாத்தாள். நோய் உள்ளவர்களில் 100-க்கு 90 பேரை அது சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 100-க்கு 90 பேரை இல்லை என்று சரியாக விட்டுவிடும். கேட்க நல்ல கருவியாகத்தான் இருக்கிறது. 50-இல் 45 பேரைப் பிடித்துவிட்டாய். மிச்சம் 950 பேரில் பத்தில் ஒருவர், அதாவது 95 பிள்ளைகள், ஒன்றுமே இல்லாமல் பட்டியலில் ஏறிவிட்டார்கள். ஆக உன் பட்டியலில் 140 பெயர், அதில் உண்மையாகவே நோய் உள்ளவர்கள் 45, மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இந்தக் கணக்கு தெரியாத ஒருவர் அந்த 140 பெற்றோரையும் கூப்பிட்டு 'உங்கள் பிள்ளைக்கு டிப்ரஷன்' என்று சொன்னால் அத்தனை வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். மனிதர்கள் மேல் அக்கறை இருப்பவனுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அலைடாகப் புள்ளியியலை எடு. வேறு யோசனையே வேண்டாம். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகிய மூன்றும் கைவசமானால் மற்றது வந்துவிடும். நீ காமர்ஸ் குரூப், எண்களோடு பழகியவன். சீனியர்கள் சொல்லும் அளவுக்கு உனக்குச் சிரமம் இருக்காது.

உனக்குச் சிரமம் வரப்போவது உயிரியலில். இரண்டாம் செமஸ்டரில் பயாலஜிக்கல் சைக்காலஜி இருக்கிறது, நீ பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவன். இந்த விடுமுறையில் நம் தமிழ்நாட்டுப் பாடநூலான பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலம் பற்றிய பாடத்தையும் ஹார்மோன்கள் பற்றிய பாடத்தையும் தமிழிலேயே படித்துவிடு. எதற்கு என்றால், தைராய்டு குறைந்த ஒருவர் சோர்ந்து, மந்தமாக, எதிலும் பிடிப்பில்லாமல் உன் முன்னால் வந்து உட்கார்வார். பார்க்க அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றாதவர் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பார், ஒரு மாற்றமும் இருக்காது.

ப்ராக்டிகல் வகுப்புதான் இந்தப் பட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது. எல்லாக் கல்லூரிகளிலும் அதிகம் ஏமாற்றப்படுவதும் அதுதான். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீ அதைச் செய்யாதே. கண்ணை ஏமாற்றும் முல்லர்-லயர் பலகையைக் கையில் கொடுப்பார்கள். இரண்டு கோடுகளும் சமமாகத் தெரியும் வரை ஒன்றை நகர்த்த வேண்டும். பார்க்கிறவர் ஒவ்வொரு முறையும் தவறுவார். அந்தத் தவறை மில்லிமீட்டரில் அளக்கலாம். குறைவிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது ஓர் அளவு வரும், கூடுதலிலிருந்து குறைத்துக்கொண்டு வரும்போது வேறொன்று வரும். ஏன் இரண்டு பக்கமிருந்தும் அளந்து சராசரி எடுக்கிறோம் என்று புரியும் அன்றைக்கு உளவியல் ஏன் அறிவியல் என்பதும் புரிந்துவிடும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையையும் அப்படியே பொறுமையாகச் செய். ஒரு கையால் பழகியது மறு கைக்கும் ஓரளவு வந்துசேரும், அதை உன் எண்களிலேயே காண்பாய். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் புத்தகம் போட்டார். பெரிய ஆய்வகமோ பணமோ அவருக்குத் தேவைப்படவில்லை. நேர்மையான ரெக்கார்டு நோட்டு மட்டும் இருந்தது.

சோதனைக்கு உட்காருபவரிடம் அறிவுறுத்தல் வாசகத்தை எழுதியிருக்கிறபடி, வார்த்தை மாறாமல் சொல்லப் பழகு. அதன் அருமை நுண்ணறிவுச் சோதனைகளுக்கு வரும்போது தெரியும். காமத் என்பவர் பினே சோதனையைக் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக 1930-களில் தழுவினார். அந்தச் சோதனை இன்றும் நம் ஊர் மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கிராமத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, யாரோடு ஒப்பிட்டு வந்த எண் இது, எந்தக் காலத்தில், எந்த மொழியில் என்று கேட்காமல் சான்றிதழில் எழுதுவது பெரிய அநியாயம். டெஸ்டிங் தாள் ஐந்தாம் செமஸ்டரில் வரும்போது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்.

பாடப்புத்தகத்தையும் இப்படிக் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும். வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளை ஒரு பெரிய ஆய்வாளர் குழு திரும்பச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது. முதலில் ஏறக்குறைய எல்லாமே வெற்றி என்று சொல்லப்பட்டவை. திரும்பச் செய்தபோது புள்ளியியல் கணக்கில் நின்றது சுமார் 36 சதவீதம். இதைப் படித்துவிட்டு உளவியல் பொய் என்று முடிவுகட்டாதே. தன் தவறைத் தானே தேடிப்போய்ப் பார்த்த துறை என்பதால் எனக்கு இதன் மேல் மதிப்பு கூடித்தான் போனது.

அப்நார்மல் சைக்காலஜி இரண்டாம் வருடத்தில் வருகிறது, வரட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதைப் படிக்கத் தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேர் தமக்கே ஏதோ வியாதி என்று நினைப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் உள்ளவர்களுக்குப் பெயர் வைப்பார்கள். சித்தி கோபப்பட்டால் கோபம்தான். அதற்கு மேல் பெயர் எதுவும் உன் வாயிலிருந்து வரக் கூடாது.

என்.எம்.இ. விஷயத்துக்கு வருகிறேன். வேறு துறையில் ஒரு பாடம் எடுக்கக் கிடைக்கும் அந்த வாய்ப்பை எளிதாக மார்க் வாங்கும் தாளுக்குச் செலவழிக்காதே. சமூகவியல் இருந்தால் எடு, சட்டம் பற்றி ஏதாவது இருந்தால் அதையும் பார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவை நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். பக்கத்தில் மருத்துவர் இல்லை, கையில் காசில்லை, ஊரில் பேச்சு வந்துவிடும் என்ற பயம் வேறு. இதெல்லாம் எந்த மூளைப் பாடத்திலும் வராது. சங்கிலி போடுவதை 2017 சட்டம் தடை செய்கிறது. அந்தத் தடை ஒரு மாவட்ட மருத்துவமனையில் எப்படி நடைமுறைக்கு வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பது தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நீ கேட்ட குற்ற உளவியல் எலெக்டிவ் காத்திருக்கும். தொலைக்காட்சித் தொடரில் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

பகுதி ஒன்றில் இருக்கும் தமிழ்த் தாளை இலேசாக நினைக்காதே. என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் மனதைப் பற்றிப் பேசுவதில்லை. தலை கனக்கிறது, தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, குறுக்கே வெட்டாமல், அவர்களுக்குப் புரிகிறபடி திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். நீ படிப்பதெல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார். அம்மா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

சர்டிபிகேட் கோர்ஸ் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை வை. முதல் கோடை விடுமுறையில் ஒரு சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ போய் உதவு. சோறு ஊட்டுவது, விளையாட வைப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போதும். ஆலோசனை சொல்லும்படி யார் கேட்டாலும் மறுத்துவிடு, அங்கே பார்த்ததை வாட்ஸ்அப்பில் போடாதே. இரண்டாம் வருடக் கோடையில் மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பார்வையாளனாக இருக்க என் தரப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கான கேள்வியை நான்காம் செமஸ்டரிலேயே தேட ஆரம்பி. கடைசி மாதத்தில் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வகுப்புக் குழுவில் போட்டு, 'கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம்' என்று தலைப்பு வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் சின்னதாக, நேரில் செய். நம் ஊர் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கம் பற்றி முப்பது பேரிடம் ஒப்புதல் வாங்கி, உட்கார்ந்து கேட்டு எழுதினாலே நல்ல ப்ராஜெக்ட்.

நான்காம் செமஸ்டரில் புள்ளியியல் இரண்டாம் தாளும் அப்நார்மலும் சேர்ந்தே வருகின்றன. அந்த ஒரு செமஸ்டரில் மட்டும் கல்லூரி நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள். மற்றபடி என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போ, நன்றாக ஊர் சுற்று.

அப்பாவிடம் நானே பேசுகிறேன். மொத்தம் ஏழு வருடம் ஆகலாம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். செலவுக்கு நானும் இருக்கிறேன் என்றும் சொல்கிறேன். என்.எம்.இ. பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் படம் எடுத்து அனுப்பு, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பு. விலங்கியல் புத்தகம் பக்கத்து வீட்டு அண்ணியிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா