நிழலை அளந்த பிள்ளைகள்

சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். 1988-இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் அதே வளாகத்தில்தான் உள்ளது. சென்ற கோடை விடுமுறையில் என் மக்கள் இருவரையும் எங்கள் மண்ணடி மத்ரஸாவின் பிள்ளைகள் நால்வரையும் அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். முதல் கால்மணி நேரம் ஒரு பிள்ளையும் எதையும் தொடவில்லை. சுழற்றிப் பார்ப்பதற்கென்றே வைத்த சக்கரத்தின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, என் முகத்தையே பார்த்தார்கள். நம் இல்லங்களில் பிள்ளைகள் மிகுதியாகக் கேட்கும் சொல் "தொடாதே" என்பதுதான் போலும்! நான் தலையசைத்த பிறகு அவர்களை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தோன்றியது. உலகில் அதுவே முதலாவது என்பர். தொட்டும் இயக்கியும் அறிவியலைக் கற்கும் கூடம் ஒன்றை 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியல் அறிஞர் நிறுவினார். இவற்றையெல்லாம் பேருந்தில் திரும்பும்போது பிள்ளைகளுக்குச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் 1914-ஆம் ஆண்டு அமைத்த நிழற்கடிகாரம் ஒன்று இருப்பதையும் சொல்லிவிட்டேன். "அதைத் தொடலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான் ஆறு வயதுச் சிறுவன்.

மே மாதத்தின் இரண்டாம் வாரம் புறப்பட்டோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொன்னேரி வழியாகப் பேருந்து. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. கட்டம்போட்ட கைக்குட்டைத் துணியை "புலிக்காட்" என்று இவ்வூர்ப் பெயராலேயே கடல் கடந்த நாடுகள் அழைத்த காலம் ஒன்றுண்டு. 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதரும் மேடுமாகக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகள் இரண்டு கல்லில் நிற்கின்றன. சிறுவன் என் ஜிப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஏரிக்கரையில்தான் பிள்ளைகள் தம்மை மறந்தார்கள். இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கண்டோம். வலை இல்லை, தூண்டில் இல்லை, விரல்களே கருவி. வலை போடுவோரிடம் "பாடு" என்றொரு முறை உண்டு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக் கொள்வார்கள். ஊருக்குள் நம் சகோதரிகள் பனையோலையில் பின்னும் பெட்டிகளில் ஒன்றைக் கையில் வாங்கிய என் மகள், பின்னலின் தொடக்கம் எங்கே என்று தேடித் தேடிக் களைத்துப் போனாள்.

பள்ளிவாசலை அடையும்போது மணி பன்னிரண்டை நெருங்கியது. நிழற்கடிகாரத்தை யாரும் தொடவேண்டாம், நூறாண்டு கடந்த பொருள் என்று நானே தடைபோட வேண்டியதாயிற்று. சிறுவனின் முகம் வாடியது. ஆகவே, அருகே மணலில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நட்டு, நிழலின் நுனியில் கூழாங்கற்களை வைக்கச் சொன்னேன். நிழல் மிகவும் குறுகும் கணமே நண்பகல். அதைக் கடந்து சூரியன் சாயத் தொடங்கியதும் லுஹருடைய வக்து என்று விளக்கினேன். "அப்போது நிழல் வடக்கே விழும்" என்றும் சேர்த்துக் கொண்டேன். இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் வாசகம் அது.

ஒன்பது வயது மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "கிப்லாவை நோக்கி நின்றால் நிழல் இடப்பக்கம் விழுகிறது, ஹஜ்ரத். இடப்பக்கம் தெற்கல்லவா?"

குனிந்து பார்த்தேன். மூன்று அங்குல நிழல், ஐயத்துக்கு இடமின்றித் தெற்கே கிடந்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். வெயிலோடு வெட்கமும் சேர்ந்து வியர்த்தது. நூலில் படித்ததைச் சொன்னேனே தவிர, ஒரு நாளேனும் குச்சி நட்டுப் பார்த்தவனல்லன் நான். "நீ சொல்வதே சரி, நான் சொன்னது தவறு" என்று அறுவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். அவர்கள் நிழலை விட்டுவிட்டு என்னையே வியப்போடு பார்த்தார்கள்.

வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபின் விளங்கியது. பழவேற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13.4 பாகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் அவ்வூரின் உச்சிக்கு வருகிறது. அதுமுதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழுகிறது. மற்ற மாதங்களில் வடக்கேதான். நண்பகலும் ஆண்டு முழுவதும் ஒரே மணியில் வருவதில்லை, பிப்ரவரியில் 12.23 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே வந்துவிடும். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர் 1371-இல் அங்கே பெரும் நிழற்கடிகாரம் அமைத்தார். அத்தகையோர் கைகளால் அளந்தறிந்த வக்துகளை இன்று கைப்பேசி நமக்கு அறிவித்துவிடுகிறது.

அஸர் வரை பிள்ளைகள் குச்சியை விட்டு அகலவில்லை. குச்சியின் நீளத்தோடு நண்பகல் நிழலின் மூன்று அங்குலத்தையும் கூட்டி, அத்தனை நீளத்துக்கு மணலில் கோடு கிழித்திருந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கு அது. மூன்று மணி இருபது நிமிடத்தை ஒட்டி நிழலின் நுனி கோட்டைத் தொட்டதும் சிறுவன் போட்ட கூச்சலில், ஒளுச் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஆகஸ்ட் 18-இல் மண்ணடியில் நண்பகல் நிழலே இராது என்று கணக்கிட்டு, எங்கள் மத்ரஸா மாடியில் அதே குச்சியோடு அறுவரும் கூடினார்கள். பன்னிரண்டு மணிக்கு வானம் மூடிக்கொண்டது. அடுத்த வாய்ப்பு ஏப்ரலில்தான். அந்த மாணவி குச்சியைக் குர்ஆன் ஷரீஃப் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாள். பெருக்க வருகிறவரிடம், எடுத்து எறிந்துவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் இருக்கிறாள்.