காப்பா, ஜோய்ஸ்டிக்கா?

உங்கள் மகன், "விமானியாகப் போகிறேன், வீட்டிலேயே பழக ஜோய்ஸ்டிக்கும் கால்மிதியும் வாங்கித் தாங்க உம்மா" என்றால் என்ன செய்வீர்கள்? நயினாதீவிலுள்ள என் லாத்தா காப்பை விற்கத் துணிந்து, என்னிடம் மஷூரா கேட்டார். "விளையாட்டுச் சாமானுக்குப் பொன்னையா விற்பது?" என்று கடிந்தேன். அது அவசரப் பேச்சு.

1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தகப்பனாரின் ஓர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் பயிற்சி விமானத்தைச் செய்தார். அதுவும் முதலில் கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் போனது. 1934-இல் மோசமான வானிலையில் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மாண்ட பிறகே இராணுவம் அதை வாங்கியது. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்க அது கற்றுக்கொடுத்தது.

மருமகன் விசைப்பலகையைத் தட்டியே பலாலியில் கிளம்பி, குறிகட்டுவான் இறங்குதுறை மேல் வட்டமிட்டுக் காட்டினான். கண் மட்டும் கருவிகளை விட்டு அகலவில்லை! மறுநாள் என்னை வழியனுப்பக் குறிகட்டுவான் வரை படகில் வந்தான்.

"படகோட்டி எதைப் பார்க்கிறார், மகன்?"

"கடலை, மாமா."

வீட்டில் பழகிவரும் பிள்ளைகளிடம் பயிற்றுநர்கள் அடிக்கடி திருத்தும் பிழை இதுதான். தெளிந்த வானில் வெளியே பார்த்துத்தான் ஓட்டவேண்டும். வீட்டில் பறந்த மணித்தியாலங்கள் உரிமத்துக்கும் சேரா.

காப்பு லாத்தாவின் கையிலேயே இருக்கிறது. இருந்த கணினிக்கு ஜோய்ஸ்டிக் மட்டும் வாங்கினோம். கருவிகள் தெரியாதபடி திரையின் கீழ்ப்பகுதியை அட்டையால் மறைத்துவிட்டு இப்போது பறக்கிறான்.