மொய் நோட்டு

பி.காம். படித்த பாவத்துக்கு, எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். மேளச் சத்தம் காதைப் பிளக்கும். பெயர், ஊர், தொகை என்று எழுதி முடித்துவிட்டுக் கடைசிப் பந்திக்குப் போனால், பாயசம் தீர்ந்திருக்கும்.

போன வருஷம் அக்கா பையன் வந்து நின்றபோது அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. பையனுக்குப் பகலில் ஐ.டி. கம்பெனி, ராத்திரியில் கிடார். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறான். ஒரு சமூக வலைத்தளத்தில் 20,000 பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். ஒருநாள் காலையில் கணக்கு முடங்கிவிட்டது. ஏன் என்று கேட்க ஆளில்லை.

"மாமா, இருபதாயிரம் பேர்ல ஒருத்தரோட அட்ரஸ்கூட என்கிட்ட இல்லை" என்றான். குரல் உடைந்திருந்தது.

மைஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? 2000-களில் உலகத்து இசைக்குழுக்களில் பாதி அங்கேதான் குடியிருந்தன. 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று 2019-ல் தெரியவந்தது. ஐந்து கோடிக்கு மேல் என்றார்கள். வாடகை வீட்டில் தென்னை வைத்த கதைதான்.

சொந்த மனையில் வைத்தவர்களும் உண்டு. பிரிட்டனின் மாரிலியன் என்ற ராக் குழு, 1997-ல் அமெரிக்கா போய் வாசிக்கக் காசில்லை என்று கையை விரித்தது. ரசிகர்களே இணையம் மூலம் சுமார் 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். குழுவுக்கு உறைத்தது. அடுத்து, தங்களிடம் இருந்த ரசிகர்களின் ஈமெயில் முகவரிகளுக்கு எழுதிக் கேட்டார்கள்: இன்னும் உருவாக்காத ஆல்பத்துக்கு இப்போதே பணம் தருவீர்களா? 12,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள்! ஆல்பம் 2001-ல் வந்தது. 2004-ல் வந்த 'மார்பிள்ஸ்' சிறப்புப் பதிப்பில் முன்பணம் கட்டியவர்களின் பெயர்களையே அச்சடித்தார்கள். அசல் மொய் நோட்டு.

அமெரிக்காவின் நைன் இன்ச் நெயில்ஸ் 2008-ல் 'தி ஸ்லிப்' ஆல்பத்தை முழுசாக இலவசமாகவே கொடுத்தது. பதிலுக்குக் கேட்டது ஒரு ஈமெயில் முகவரி.

பையனும் சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டு, அதில் முகவரி வாங்க ஒரு பக்கம் வைத்தான். முதல் நாள் பார்த்தால் பெயர், பிறந்த தேதி, செல் நம்பர், வேலை... "பொண்ணு பார்க்கவாடா வர்றாங்க?" என்றேன். எல்லாவற்றையும் தூக்கினான். ஒரு பாட்டு இலவசம், கேள்வி இரண்டே: ஈமெயில், ஊர். எந்த ஊரில் வாசித்தால் ஆள் வரும் என்று தெரிய வேண்டாமா? கொடுத்த முகவரிக்கு ஒரு மெயில் போகும். அதில் இருக்கும் லிங்க்கை அழுத்தினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அடுத்தவர் முகவரியை யாராவது விளையாட்டாகக் கொடுத்துவிடக் கூடாதல்லவா?

இரண்டு மாதத்தில் 61 பேர். 20,000 எங்கே, 61 எங்கே!

"மாமா, மூவாயிரம் ரூபாய்க்கு ஒருத்தன் ஒரு லட்சம் மெயில் ஐடி தர்றானாம். வாங்கிடவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து மண்டபத்து மொய் நோட்டைக் கொண்டுவந்து என்ன செய்வது? அதில் இருப்பவர்களுக்கு நம் வீட்டு மாப்பிள்ளை யாரென்றே தெரியாதே. "வாடிக்கையாளர் தந்த முன்பணத்தை பேலன்ஸ் ஷீட்ல கடன் பக்கம்தான்டா எழுதணும். இந்த 61 பேரும் உனக்கு முன்பணம் கட்டினவங்க" என்றேன். முகம் சுண்டிப்போனது. ஆனால் வாங்கவில்லை.

61-ல் 14 பேர் மதுரை. நண்பன் வீட்டு மொட்டைமாடியில் பாடப் போவதாக அந்த 14 பேருக்கும் எழுதினான். ஒன்பது பேர் வந்தார்கள், கூட்டாளிகளோடு முப்பது ஆனது. "ஒரு அக்கா என் பாட்டை வரி விடாமப் பாடினாங்க மாமா." இதை மட்டும் நாலு தடவை சொன்னான்.

அப்போதுதான் அக்கா கேட்டாள், "ஏன்டா, அந்த 61 பேர்ல நீ இருக்கியா?"

முதல் நாளே முகவரி கொடுத்தவன் ஆயிற்றே நான்! பையன் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். லாட்டரிப் பரிசுக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவே அவனுடைய மெயில் திறக்கப்படாமலே கிடந்தது.

லிங்க்கை அழுத்தினேன். 62.